பாதி வியட்நாம், பாதி சீனா: குற்றாலத்துக்காரர்கள் அந்த அருவிக்குப் போகலாமா?

தென்காசித் தம்பி ஒருவர் கேட்டதன் சுருக்கம் இது: வியட்நாமும் சீனாவும் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் பான் ஜோக் அருவியை வீடியோவில் பார்த்திருக்கிறார், அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக ஆசை. அங்கே குளிக்கலாமா, எந்த மாதம் நல்லது, படகில் போய் அப்படியே சீனாவில் கால் வைத்துவிட்டு வர முடியுமா, நம் ஊரிலிருந்து எப்படிப் போவது, குற்றாலத்தை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவது வெட்டிச் செலவா. எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் குளியல், ஏனென்றால் நம் ஆட்களுக்கு மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். முடியாது. அருவிக்குக் கீழே அகலமான ஒரு தடாகம், அதில் படகு ஓடும், நீங்கள் இறங்க விடமாட்டார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய்த் தலையைக் கொடுத்து நின்று, தோள் வலி போகும் வரை அடி வாங்கிவிட்டு, வெளியே வந்து சூடாக மிளகாய் பஜ்ஜி தின்கிற அனுபவம் அங்கே இல்லவே இல்லை. குற்றாலப் பேரருவி ஏறக்குறைய 60 மீட்டர் உயரம், இதன் பெரிய குதியே ஏறக்குறைய 30 மீட்டர்தான், உயரத்தை மட்டும் எண்ணிப் போகிறவர் "இவ்வளவுதானா" என்று கேட்டுவிட்டுத் திரும்புவார். பான் ஜோக்கின் சங்கதி அகலத்தில் இருக்கிறது. மூன்று அடுக்காக, பாறையும் மரமும் நடுநடுவே துருத்திக்கொண்டு நிற்க, கிளை கிளையாகப் பிரிந்து விழுகிறது. பெரிய அருவி ஒன்று, அதற்குப் பக்கத்தில் சின்ன அருவி ஒன்று, மழைக்காலத்தில் வெள்ளம் ஏறும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். நாட்டு எல்லையில் இருக்கும் அருவிகளில் இகுவாசு, விக்டோரியா, நயாகரா ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெரியது என்று இதைச் சொல்வது வழக்கம். ஆகவே இது உட்கார்ந்து பார்க்கிற அருவி. அப்பாவிடம் இதைக் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், அங்கே போய் வேட்டியை மடித்துக் கட்டிய பிறகு சொன்னால் வம்பு.

அந்தப் பச்சை நிறம் வீடியோவில் கூட்டியது என்று நினைத்திருப்பீர்கள், பாதி உண்மைதான். ஆனால் நிஜத்திலேயே நிறம் வேறு. நம் பொதிகை மலை கெட்டியான பழைய பாறை, சிற்றாறு அதன்மேல் வழுக்கிக்கொண்டு வரும். பான் ஜோக் இருக்கும் வியட்நாமின் காவோ பாங் மாகாணத்தில் நிறையச் சுண்ணாம்புக்கல். மழைநீர் கல்லைக் கரைத்துக் கரைத்து, தரையிலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் குன்றுகளையும் அடியில் குகைகளையும் உண்டாக்கியிருக்கிறது. அந்தக் கரைசல் கலந்த தண்ணீருக்குத்தான் மழை ஓய்ந்தபின் அந்தப் பச்சை கலந்த நீலம் வருகிறது. 2018இல் இந்த மலைப்பகுதிக்கு யுனெஸ்கோவின் உலகப் புவிப் பூங்கா என்ற அங்கீகாரம் கிடைத்தது. அருவியிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டரில் நுவம் ஙாவ் என்ற குகை இருக்கிறது, 2,144 மீட்டர் நீளம், அதில் பாதிக்கும் குறைவாகத்தான் பார்க்கத் திறந்திருக்கிறார்கள், அதுவே போதும் போதும் என்றாகிவிடும். படிகள் ஈரமாக இருக்கும், அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் வாசலோடு விட்டுவிடலாம். அருவிக்குப் போகும் வழியில் இந்தத் தொல்லை இல்லை, வயல் ஓரமாகச் சமதளத்தில் நடை, அவ்வளவுதான்.

சரி, எல்லை விஷயம். உண்மையில் அங்கே போவதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. குவாய் சோன் ஆறு சீனாவின் குவாங்சியில் பிறந்து, வியட்நாமுக்குள் வந்து வயல்களுக்குப் பாய்ந்து, இந்த அருவியில் எல்லையைத் தொட்டு, மறுபடியும் சீனாவுக்குள் போய்விடுகிறது. கடைசியில் முத்து ஆற்றோடு சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. வியட்நாமைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோது சீனப் பேரரசோடு 1887இலும் 1895இலும் ஒப்பந்தம் போட்டு எல்லைக் கல் நட்டார்கள், அதில் 53ஆம் எண் கல் சீனக் கரையில் இன்றும் நிற்கிறது, அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கக் கூட்டம் அலைமோதும். அப்புறம் வந்தது 1979. பிப்ரவரி 17ஆம் தேதி சீனப் படை வடக்கு எல்லை நெடுக உள்ளே புகுந்தது, காவோ பாங் நகரம் பிடிபட்டது, மார்ச் நடுவில் திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகும் எண்பதுகள் முழுக்க எல்லையில் உரசல் ஓயவில்லை, 1991இல்தான் இரு நாடும் மறுபடி உறவு வைத்துக்கொண்டன. 1999 டிசம்பரில் நில எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது, கல் நட்டு முடிக்க 2008 கடைசி ஆகிவிட்டது. கடைசி வரை பேச்சு இழுத்துக்கொண்டிருந்த இடங்களில் இந்த அருவியும் ஒன்று. முடிவில் சின்ன அருவி முழுக்க வியட்நாமுக்கு, பெரிய அருவி ஆளுக்குப் பாதி.

இதில் வியட்நாம்காரர்கள் பலருக்கு இன்னும் மனக்குறை உண்டு, முழுதும் நம்முடையது, பாதியை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்பார்கள். டீக்கடையில் உட்கார்ந்து நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

நமக்கு எல்லை புதிதில்லை. பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடாதவர் நம் பக்கம் யார்? 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை செங்கோட்டை திருவாங்கூர் பக்கம், குற்றாலம் சென்னை மாகாணம், பார்டர் பிரானூரில். செங்கோட்டை இந்தப் பக்கம் சேர்ந்ததும் எல்லை புளியரை தாண்டி மலைக்குப் போய்விட்டது, கடைகளின் பெயர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. ஆரியங்காவு தாண்டினாலும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அங்கேயும் அப்படித்தான். காவோ பாங்கில் மற்ற இனங்களைவிட அதிகம் இருப்பவர்கள் டாய் இன மக்கள், எதிர்க்கரையில் சுவாங் இனத்தவர், இரண்டு மொழிக்கும் நெருங்கிய உறவு. போர் நடந்ததும் இவர்கள் வயலில்தான். ஆனால் கேரளத்துப் பாலருவிக்குப் போவது போல டிக்கெட் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்துவிட முடியாது, இது நாட்டு எல்லை.

அதனால் சீனாவில் கால் வைக்கும் ஆசைக்குப் பதில்: தண்ணீரில் மட்டும்தான், அதுவும் கால் படாது. இரு கரையிலிருந்தும் படகு விடுகிறார்கள், தடாகத்தில் இரு நாட்டுப் படகும் தடையில்லாமல் சுற்றலாம், ஆனால் எதிர்க்கரையில் ஒதுங்கக் கூடாது. வியட்நாம் படகு என்பது மிதவைமேல் பலகை போட்டு, மேலே கூரை கட்டி, பெஞ்சு வைத்தது. பாதுகாப்புச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மெதுவாக அருவிக்கு நேரே கொண்டு போவார்கள், சத்தம் கூடக் கூடப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, பிறகு சாரல் அடித்து மூக்குக் கண்ணாடி மூடிக்கொள்ளும், அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். காரையாறு அணையில் படகேறிப் பாணதீர்த்தம் பார்த்த காலம் ஞாபகம் இருக்கும் பெரியவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். திரும்பும்போது சீனப் படகு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் கடக்கும், அந்தப் படகில் வேறு நிறத்துச் சட்டை, பாட்டிமார்கள் கையாட்டுவார்கள், நம் அம்மாவும் ஆட்டுவார், ஒரு வார்த்தை புரியாது. முன்பெல்லாம் சின்ன மூங்கில் தெப்பத்தில் சிகரெட்டும் வாசனைத் திரவியமும் வைத்துக்கொண்டு வியட்நாம் வியாபாரிகள் சீனப் படகோடு ஒட்டிக்கொண்டே வந்து நடு ஆற்றில் விற்பார்கள். ஒரு கூத்து என்னவென்றால், அந்த இடத்தில் உங்கள் போன் சீன டவரைப் பிடித்துவிட்டால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிடும், இரண்டு நாட்டுக்கும் நேரம் வேறு. வண்டிக்காரரிடம் நேரம் பேசியிருந்தால் கைக்கடிகாரத்தை நம்புங்கள்.

இரு நாடும் சேர்ந்து இந்த அருவிப் பகுதியைக் கூட்டுச் சுற்றுலா மண்டலமாக்கி, 2023 செப்டம்பரில் வெள்ளோட்டம் விட்டு, 2024 அக்டோபரில் முறையாகத் திறந்தார்கள், அதன் வழியாகக் குழுவாக இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வருகிறார்கள். அந்த ஏற்பாடு முதன்மையாக அவ்விரு நாட்டுக் குடிமக்களுக்காக வந்தது, இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். சீனப் பக்கம் பார்க்க ஆசை இருந்தால் தனியாகச் சீன விசா எடுத்து, நான்னிங் நகரம் வழியாக வர வேண்டும், அங்கே இதற்கு டேத்தியான் அருவி என்று பெயர். இரண்டில் எது மேல் என்று கேட்டால், நான் வியட்நாம் கரையைத்தான் சொல்வேன். முழு அருவியும் நேருக்கு நேர் தெரியும், முன்னால் நெல் வயல், செலவும் குறைவு. சீனக் கரையில் பெரிய பெரிய ஓட்டல்கள் எழும்பியிருக்கின்றன, இங்கிருந்தே கண்ணை உறுத்தும்.

எப்போது போவது என்பதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, ஒரு சிக்கலும் இருக்கிறது. தண்ணீர் வேண்டும் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், குற்றால சீசனும் அதேதான். ஆனால் அப்போது தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும், மண்சரிவு பயமும் உண்டு. 2024 செப்டம்பரில் யாகி புயல் அடித்தபோது காவோ பாங் மலைப்பாதையில் சரிவில் ஒரு பஸ்ஸே அடித்துப்போனது, ஆகவே செப்டம்பரில் வானிலை பார்க்காமல் கிளம்பாதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் இளைத்துப் பாறை தெரிய ஆரம்பித்துவிடும், குளிர் வேறு நம் உடம்புக்குத் தாங்காது. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முழுக்கத்தான் சரியான காலம். தண்ணீர் தெளிந்து நிறம் வந்திருக்கும், அளவும் குறைந்திருக்காது, வயல் அறுப்புக்கு மஞ்சளாக நிற்கும், த்ருங் கான் பகுதியின் பேர்போன கஷ்கொட்டை சந்தைக்கு வந்திருக்கும், சுட்டுத் தருவார்கள். நம் காலாண்டுத் தேர்வு விடுமுறையும் அதையொட்டித்தான் வருகிறது, பிள்ளைகளையும் கூட்டிப்போகலாம். சிக்கல் என்னவென்றால் அக்டோபர் 1இலிருந்து சீனாவில் தேசிய தின விடுமுறை, ஒரு வாரம் எதிர்க்கரை நம் சாரல் திருவிழாக் கூட்டத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பள்ளி விடுமுறையைப் பார்க்க வேண்டியதில்லை என்றால், அது கழிந்து, அக்டோபர் 10 தேதிக்கு மேல் போவது உத்தமம். சரஸ்வதி பூஜை அதற்கு முன்பே வந்துவிடும் வருடம் என்றால், அதை வீட்டில் முடித்துவிட்டே கிளம்பினோம் என்று அம்மாவுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் புரட்டாசி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், சாப்பாட்டில் கை வைக்கும் விஷயம் அது, அதற்கு வருகிறேன்.

போகும் வழி. தென்காசி என்றால் கொச்சிதான் எளிது. தூத்துக்குடியிலிருந்து வரும் பாலருவி எக்ஸ்பிரஸ் இரவில் நெல்லை, தென்காசி, செங்கோட்டை வழியாகப் போய்க் காலையில் ஆலுவாவில் இறக்கிவிடும், விமான நிலையம் அங்கிருந்து பக்கம். கொச்சியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஹோ சி மின் நகரத்துக்கு 2023இல் நேரடி விமானம் விட்டார்கள், இப்போதும் ஓடுகிறதா, எந்தெந்தக் கிழமை என்பதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அது தெற்குக் கோடி. அருவி வடக்குக் கோடி. ஹோ சி மினிலிருந்து ஹனோய்க்கு இன்னொரு விமானம், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கோலாலம்பூர் மாறி நேரே ஹனோயில் இறங்குவது பல சமயம் இதைவிட வசதியாக அமையும், பெரியவர்களோடு என்றால் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காவோ பாங்குக்கு ரயிலும் கிடையாது, விமானமும் கிடையாது. ஹனோயிலிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர் சாலை, ஆறேழு மணி நேரம், படுக்கை வசதி உள்ள பஸ் உண்டு. அங்கிருந்து அருவிக்கு இன்னும் 85 கிலோமீட்டர், மலை வளைவுகள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வயிறு புரட்டும் ஆட்கள் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தூரத்தினால்தான் ஹனோயில் விற்கும் அவசரப் பேக்கேஜ்களை வேண்டாம் என்கிறேன். பஸ்ஸில் ஒரு பகல், அருவியில் இரண்டு மணி நேரம், திரும்பப் பஸ். அவர்கள் கொண்டுபோய் விடும் நேரம் பெரும்பாலும் நடுப்பகல், எல்லா வண்டியும் அந்நேரம்தான் வரும், படம் எடுக்க வரிசையில் நிற்க வேண்டும். அருவி பக்கத்தில் இரண்டு இரவு தங்கினால்தான் இந்தப் பயணத்துக்குப் பொருள். காலையில் பஸ்கள் வருவதற்கு முன் பனி விலகும்போது ஒரு தரம், மாலையில் எல்லோரும் போனபின் ஒரு தரம் பார்க்கலாம். குவோய் கி என்று ஒரு கிராமம் குகைக்கும் அருவிக்கும் நடுவில் இருக்கிறது, டாய் மக்களின் கல் வீடுகள். கல்லைக் கல்மேல் அடுக்கிச் சுவர், உள்ளே மரத் தூண்களும் மேல்தளமும், கவிழ்த்தும் நிமிர்த்தும் போட்ட ஓடு, முன்பு கீழே மாடு கட்டி மேலே ஆள் குடியிருந்த அமைப்பு. அதில் சில வீடுகளில் இப்போது அறை தருகிறார்கள். ஓட்டல் வசதியை எதிர்பார்க்காதீர்கள், ஆனால் அந்தப் பெரிய மரப் படிக்கட்டில் சாயங்காலம் உட்கார்ந்திருக்க அப்பாவுக்குப் பிடிக்கும். அருவிக்கு எதிரே குன்றின்மேல் ஒரு பௌத்தக் கோயில், 2014இல் திறந்தது, மேலிருந்து முழு அருவியும் ஆறும் தெரியும், படிதான் நிறைய.

சாப்பாடு. அசைவக்காரர்களுக்குக் கவலை இல்லை, வாத்து வறுவலுக்கு அந்த ஊர் பேர்பெற்றது. காலையில் அரிசி மாவை ஆவியில் மெல்லிய துணி மாதிரி வார்த்துச் சுருட்டி, எலும்புச் சாற்றில் தோய்த்துத் தின்னக் கொடுப்பார்கள், பன்றி இறைச்சி உள்ளே இருக்கும், தெரிந்து சாப்பிடுங்கள். புரட்டாசி விரதம் என்றால் "ஆன் சாய்" என்று சொல்ல வேண்டும், சைவம் என்று அர்த்தம், பௌத்தர்கள் நாள் பார்த்துச் சைவம் இருக்கும் நாடு என்பதால் புரிந்துகொள்வார்கள். சோறு, டோஃபு, பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரை, அவித்த காய், இவ்வளவு எங்கேயும் கிடைக்கும். மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த சாறு ஒன்று எல்லாவற்றிலும் ஊற்றுவார்கள், அதை வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். காரம் அறவே இருக்காது, பருப்புப் பொடியும் ஊறுகாயும் பெட்டியில் இருந்தால் அம்மா முகம் வாடாது.

மிச்சம் சில்லறை விஷயம். விசா இணையத்திலேயே எடுக்கலாம், 90 நாள் வரை, ஒருமுறை நுழைய 25 டாலர். அரசுத் தளம் போலவே பெயர் வைத்துக்கொண்டு மூன்று மடங்கு வாங்கும் தளங்கள் இருக்கின்றன, முகவரியைப் பார்த்துப் போங்கள், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் தகப்பனார் பெயரும் எந்தக் கட்டத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள், நம் ஊர் இன்ஷியல் குழப்பத்தில்தான் பாதிப் பேர் மாட்டுவது. எல்லைப் பகுதி என்பதால் அசல் பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்கட்டும், டிரோன் எடுத்துப் போகாதீர்கள். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங் கிடைக்கும், காவோ பாங் நகரத்திலேயே ரொக்கம் எடுத்துவிடுங்கள், அதற்கப்புறம் கார்டு எல்லா இடத்திலும் எடுபடாது.

செலவு வெட்டியா என்று கேட்டீர்கள். அருவிக்காக மட்டும் போவதென்றால் ஆமாம், வெட்டிதான், அந்தப் பணத்துக்கு ஆயுசு முழுக்க ஐந்தருவியில் குளிக்கலாம். ஹனோய், ஹா லாங் விரிகுடா எல்லாம் சேர்த்து ஒன்பது பத்து நாள் வியட்நாம் போகும் எண்ணம் இருந்தால், அதில் மூன்று நாளை இந்த மூலைக்கு ஒதுக்குங்கள். அப்பாவுக்கு நீண்ட பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாது என்றால் ஹனோயிலிருந்து கார் பேசிவிடுங்கள், நாலு பேராகப் போனால் பெரிய வித்தியாசம் வராது.